சுழலும் குண்டும் ஒரு ரெக்கார்டு நோட்டும்

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் நண்பரின் மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரெக்கார்டு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, திங்கட்கிழமை ஸப்மிட் பண்ணணும். ஸ்பெல்லிங் மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றாள். இந்த ஊர்க் கல்லூரி ஆய்வகத்தில் 31 வருடம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஸ்பெல்லிங் மட்டும் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது.

சோதனை, மையநோக்கு விசையை அளப்பது. படம் அழகாக இருந்தது. கணக்கில் பிழை இல்லை. சுழற்றிப் பார்த்த விசை 5.67 நியூட்டன், எடை தொங்கவிட்டுப் பார்த்த விசை 5.68 நியூட்டன். இவ்வளவு பொருத்தமான விடையைப் பார்த்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஐம்பது சுற்றுக்கு ஆன நேரம் என்ற பத்தியில் மூன்று முறையும் 35.4 விநாடி என்று எழுதியிருந்தாள். கையால் சுழற்றுகிற கருவியில் மூன்று முறையும் பத்தில் ஒரு விநாடிகூட மாறாமல் வருவது நடக்காத காரியம்.

"ரஃப் நோட்டு எங்கேம்மா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாடிக்குப் போய் எடுத்து வந்தாள். அதில் இருந்தது 33.3 விநாடி. அதன்படி விசை 6.41 நியூட்டன். எடைப்பக்கம் 5.68. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 13 சதவீதம். "இவ்ளோ எர்ரர் வந்தா மார்க் போயிடும், அட்ஜஸ்ட் பண்ணிடுன்னு எல்லாரும் சொன்னாங்க மாமா" என்றாள்.

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். தமிழ் படிக்கத் தயங்கினால் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் இதைச் சென்ட்ரிபீட்டல், சென்ட்ரிஃப்யூகல் என்று படிக்கிறார்கள். இந்தியில் ஒன்று அபிகேந்திரம், மற்றது அபகேந்திரம். ஓர் எழுத்துச் சறுக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழில் மையநோக்கு விசை, மையவிலக்கு விசை. பெயரைக் கேட்டவுடனே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. தாய்மொழியில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் வைவாவில் குழப்பம் வராது.

வட்டத்தில் ஓடும் எந்தப் பொருளும் ஒவ்வொரு கணமும் நேர்கோட்டில் போய்விடத்தான் பார்க்கிறது. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியவர்கள் கையில் இருந்த கவணை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் ஒரு நுனியை விட்ட கணத்தில் கல் வட்டத்தின் தொடுகோட்டு வழியே பறக்கிறது. கையிலிருந்து நேர் எதிராக, வெளிப்பக்கமாகப் பறப்பதில்லை. அதை நேர்கோட்டில் போகவிடாமல் உள்ளே இழுத்து இழுத்து வளைக்க ஒரு விசை வேண்டும். அதுதான் மையநோக்கு விசை.

இது ஈர்ப்பு, உராய்வு போலப் புதிய வகை விசை ஒன்றும் இல்லை. நம் சங்கத்தில் பொருளாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. வருடாவருடம் ஆள் மாறுவார், வேலை ஒன்றுதான். அதுபோல மையநோக்கு விசை என்பது ஒரு பதவி. கவணில் அந்தப் பதவியில் இருப்பது கயிற்றின் இழுவிசை. வளைவில் திரும்பும் பேருந்துக்குச் சாலையும் சக்கரமும் உரசும் உராய்வு. சந்திரனுக்குப் பூமியின் ஈர்ப்பு. இந்தச் சோதனையில் ஒரு ஸ்பிரிங்.

பேருந்து திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்கிறோமே, அது என்ன என்று கேட்பார்கள். வண்டி திரும்புகிறது, நம் உடம்பு நேரே போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். வண்டிக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் ஒரு மையவிலக்கு விசையைச் சேர்த்துக்கொண்டால்தான் அவர் கணக்கு சரியாக வரும். சாலையோரம் நின்று பார்க்கிறவருக்கு அது தேவையில்லை. தேர்வில் எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதை முதலில் எழுதிவிட்டு விடை எழுதச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான்.

இந்த விசைக்கான கணக்கை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். 1659-இல் கண்டுபிடித்து, 1673-இல் தம் ஊசல் கடிகார நூலின் முடிவில் வெளியிட்டார். அவர் வைத்த பெயர் மையவிலக்கு விசை. அதையே திருப்பிப் பார்த்து, அவர் நினைவாகவே மையநோக்கு விசை என்ற சொல்லை ஆக்கியவர் நியூட்டன். சந்திரன் நம்மிடமிருந்து பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையுமானால் அங்கே அது 3600-இல் ஒரு பங்காக, அதாவது விநாடி வர்க்கத்துக்கு 0.0027 மீட்டராக இருக்க வேண்டும். 27.3 நாளில் ஒரு சுற்று வரும் சந்திரனின் மையநோக்கு முடுக்கத்தைக் கணக்கிட்டாலும் அதே 0.0027 வருகிறது. மரத்திலிருந்து விழும் பழமும் வானத்துச் சந்திரனும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவை என்று நிலைநாட்டிய கணக்கு இது. பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் ஆகாது.

இனி ஆய்வக மேசைக்கு வருவோம். ஒரு கனமான அடித்தட்டு, அதன் நடுவே செங்குத்தாகச் சுழலும் ஒரு தண்டு. தண்டின் உச்சியில் குறுக்குக் கை. கையின் ஒரு பக்கம் நூலில் ஓர் உலோகக் குண்டு தொங்கும். மறுபக்கம் அதற்குச் சமன் செய்ய ஓர் எடை. குண்டுக்குக் கீழே அடித்தட்டில் ஒரு குத்தூசி நிற்கும். குண்டையும் தண்டையும் ஒரு ஸ்பிரிங் இணைக்கும்.

முதலில் ரசமட்டம் வைத்து அடித்தட்டைச் சமப்படுத்த வேண்டும். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குண்டு கொத்தனாரின் தூக்குக்குண்டு போலக் குத்தூசிக்கு நேர் மேலே தொங்குமாறு குறுக்குக் கையை நகர்த்த வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை. செய்யாவிட்டால் சுழலும்போது நூல் சாய்ந்து, தானும் கொஞ்சம் இழுக்கும். அந்த இழுப்பு கணக்கில் வராது. பிறகு ஸ்பிரிங்கை மாட்டினால் குண்டு உள்ளே போய்விடும். தண்டை விரல்களால் உருட்டிச் சுழற்றினால், வேகம் கூடக் கூட ஸ்பிரிங் நீண்டு குண்டு வெளியே வரும். ஒவ்வொரு சுற்றிலும் சரியாகக் குத்தூசியின் மேல் கடந்து போகும் வேகம் ஒன்று உண்டு. அதை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, ஐம்பது சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். பின்னால் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்திக்கொண்டால் கண்ணுக்குச் சுலபம்.

அடுத்தது சுழற்றாமல் பார்ப்பது. குண்டின் வெளிப்பக்கம் ஒரு நூலைக் கட்டி, கப்பியின் மேல் விட்டு, எடைகளைத் தொங்கவிட வேண்டும். குண்டு மீண்டும் குத்தூசிக்கு நேரே வரும்வரை எடையைக் கூட்ட வேண்டும். ஸ்பிரிங் அதே அளவு நீண்டிருப்பதால் விசையும் அதே விசைதான். சுழற்சிக் கணக்கில் வந்த விசையும் இந்த எடையும் ஒத்துப்போனால் சூத்திரம் சரி.

கணக்கு இதுதான்: 39.48-ஐக் குண்டின் நிறையாலும் ஆரத்தாலும் பெருக்கி, ஒரு சுற்றுக்கான நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அந்த 39.48 என்பது பையின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு. இவளுடைய குண்டு 450 கிராம், ஆரம் 16 செ.மீ. ஆரத்தைத் தண்டின் விளிம்பிலிருந்து அளக்காமல் நடுவிலிருந்தே அளந்திருந்தாள். வெர்னியரால் தண்டின் தடிமனைப் பார்த்துப் பாதியைக் கூட்டியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் காலத்தில் வகுப்புக்குப் பத்துப் பேர் அங்கே தவறுவார்கள்.

அப்படியானால் 13 சதவீதம் எங்கிருந்து வந்தது?

சன்னல் திரைக் கம்பியில் நூல் கட்டி ஒரு பூட்டைத் தொங்கவிட்டேன். கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பாகம்வரை 25 செ.மீ. இப்படிப்பட்ட ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி எடுக்கும். "இருபது ஆட்டத்துக்கு நேரம் பாரும்மா, வாய்விட்டு எண்ணு" என்றேன். பூட்டை லேசாக ஆட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தை அழுத்தியபடியே "ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். இருபது என்றதும் நிறுத்தினாள். 19.1 விநாடி.

அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடிகாரத்தையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ மாமா, ஜீரோலேர்ந்து ஸ்டார்ட் பண்ணணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் இன்னும் ஒரு சுற்றும் முடியவில்லை. அப்போது சொல்ல வேண்டியது பூஜ்யம். ஒன்று என்று தொடங்கினால் ஐம்பது என்று நினைத்து நாற்பத்தொன்பது சுற்றுத்தான் எண்ணியிருப்போம். நேரத்தில் 2 சதவீதம் பிழை. விசையில் நேரத்தின் வர்க்கம் வருவதால் 4 சதவீதம். 33.3 விநாடியை 49-ஆல் வகுத்துக் கணக்குப் போட்டோம். 6.41 இறங்கி 6.15 ஆயிற்று.

ஆனால் எடைப்பக்கம் 5.68 அப்படியே நிற்கிறதே. அவள் எழுதியிருந்தது 580 கிராம். "எந்த எடையெல்லாம் போட்டே?" என்று கேட்டேன். 200, 200, 100, 50, 20, 10 என்று வரிசையாகச் சொன்னாள். "அதையெல்லாம் எதிலே போட்டே?" கொக்கி வைத்த ஹேங்கரில். அதன் அடித்தட்டிலேயே 50 என்று பொறித்திருப்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதைக் கூட்டவில்லை. காய்கறிக்காரர் தட்டையும் சேர்த்து நிறுத்துவிட்டால் சண்டைக்குப் போகிறோம். இங்கே தட்டையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங்கை அதுவும்தான் இழுக்கிறது. 630 கிராம் என்று போட்டால் 6.17 நியூட்டன்.

6.15-ம் 6.17-ம். ஒரு பிழை ஒரு விடையை மேலே தூக்கியிருந்தது, இன்னொரு பிழை மற்றதைக் கீழே இறக்கியிருந்தது. அவள் ரெக்கார்டில் ஒத்துப்போகச் செய்திருந்த 5.67, 5.68 இரண்டுமே தவறு. உண்மையான விடையின் பக்கத்தில்கூட அவை இல்லை. தப்பாக இருந்த எடையை நம்பி, நேரத்தை அதற்கேற்ப மாற்றியிருந்தாள். 33.3-ஐ மறைத்திருக்காவிட்டால் இந்தப் பிழைகளை யாராவது முன்பே கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சிறிய வழி உண்டு. பழைய பால்பாயிண்ட் பேனாவின் கூட்டை எடுத்து, இரண்டு வாயையும் உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு நைலான் நூல். மேல் நுனியில் ஓர் அழிரப்பர், கீழ் நுனியில் இரும்புக் கடையில் கிடைக்கும் வாஷர்கள். அழிரப்பர் 15 கிராமும் வாஷர்கள் 60 கிராமும் இருக்கட்டும். சமையலறைத் தராசு போதும். அழிரப்பரிலிருந்து பேனாவின் மேல்வாய்வரை 60 செ.மீ. நூல் இருக்கும்போது, கீழ்வாய்க்குச் சற்றுக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் நூலில் ஒரு குறி போடுங்கள். பேனாக்கூட்டைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். குறி இடம் மாறாமல் நின்றால் வேகம் சரி. இருபது சுற்றுக்குச் சுமார் பதினைந்தரை விநாடி ஆக வேண்டும். வாஷரை இரட்டிப்பாக்கினால் 11 விநாடி. எடை இரட்டித்தும் நேரம் பாதியாகாமல் 1.4 மடங்குதான் குறைகிறது. வர்க்கம் என்பது கைக்கே தெரிகிற இடம் இது. மொட்டைமாடியில் செய்யுங்கள், முடிச்சை இரண்டு முறை பாருங்கள், சின்னக் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நூல் கிடைமட்டமாக நிற்காது, கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கும். அதனால் உண்மையான வட்டத்தின் ஆரம் 60 செ.மீ.-ஐ விடக் குறைவு. ஆனால் உள்ளே இழுக்கும் விசையும் முழு இழுவிசை இல்லை, அதன் கிடைமட்டப் பங்குதான். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் சாய்வு கணக்கிலிருந்து கழன்றுபோகிறது. சாய்ந்த நூலின் நீளத்தையே போடலாம். பேனா வாயில் உரசுவதுதான் இதில் பெரிய தொல்லை. குறி நகராமலேயே வேகம் கொஞ்சம் கூடக் குறைய இருக்க அந்த உரசல் இடம் கொடுத்துவிடும். நாலைந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

துணி துவைக்கும் இயந்திரத்தையும் விட்டுவிடாதீர்கள். நிமிடத்துக்கு 1000 சுற்று, டிரம்மின் ஆரம் 24 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அங்கே முடுக்கம் புவிஈர்ப்பைப் போல சுமார் 270 மடங்கு. துணியை டிரம்மின் சுவர் உள்நோக்கித் தள்ளி வளைக்கிறது. துளைக்கு நேரே இருக்கும் தண்ணீரைத் தள்ள அங்கே சுவர் இல்லை, அதனால் வெளியே போய்விடுகிறது.

என் கதையைச் சொல்வதாகச் சொன்னேன். திருச்சியில் நான் படித்தபோது தனிஊசல் சோதனையில் புவிஈர்ப்பு முடுக்கம் எனக்கு 966 வந்தது. புத்தகத்தில் 980. நானும் நேரத்தைத் திருத்தி 980 என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆசிரியர் நோட்டைப் பார்த்தார், திட்டவில்லை. "980 எந்த ஊர்லே தம்பி? திருச்சியிலே 978 தானே" என்றார். வகுப்பே சிரித்தது. குண்டின் கொக்கிவரை நூலை அளந்துவிட்டு அதன் ஆரத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன் என்று அடுத்த வாரம்தான் கண்டுபிடித்தேன். ஒரு மீட்டர் ஊசலில் அந்த 1.2 செ.மீ. விட்டுப்போனதால் வந்த 966 அது. ஒளிக்காமல் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

அந்த 978-க்கும் இந்தச் சோதனைக்கும் உறவு உண்டு. பூமியே ஒரு சுழலும் கருவிதானே. நிலநடுக்கோட்டில் இருக்கிறவரை வட்டத்தில் வைத்திருக்க ஈர்ப்பில் விநாடி வர்க்கத்துக்கு 3.4 செ.மீ. செலவாகிறது, துருவத்தில் ஒன்றும் செலவில்லை. பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதும் சேர்ந்துகொள்ள, துருவத்தில் 983 இருப்பது நிலநடுக்கோட்டில் 978 ஆகிறது. திருச்சியில் 978, தில்லியில் 979. ஊரைவிட்டு இங்கே வந்ததில் நாம் எல்லோரும் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம் கூடியிருக்கிறோம்.

அந்தப் பெண் சனிக்கிழமை ஆய்வகத்துக்குப் போய், உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு சோதனையை மறுபடி செய்தாள். பூஜ்யத்திலிருந்து எண்ணினாளாம். ஐம்பது சுற்றுக்கு 33.8, 34.1, 34.1, சராசரி 34.0 விநாடி. விசை 6.147. எடைப்பக்கம் ஹேங்கரோடு 630 கிராம், 6.174. பழைய பக்கத்தைக் கிழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, என்ன தவறு நடந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தாள். மார்க் போகுமோ என்று அவள் அம்மாவுக்குத்தான் கவலை. "வைவாவிலே கேட்டா என்ன சொல்லுவே?" என்று கேட்டுக்கொண்டே காபி கொண்டுவந்து வைத்தார்.

பெண்ணின் கவலை வேறு. "மாமா, இன்னும் 0.03 நியூட்டன் இடிக்குதே?" என்றாள்.

ஸ்பிரிங்கையும் சேர்த்துத்தானே சுழற்றுகிறோம் என்றேன். அதன் எடை 12 கிராம் என்று எழுதியிருந்தாள். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு ஆரத்தில் சுழல்கிறது. கணக்குப் போட்டால் அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கைக் குண்டோடு சேர்க்க வேண்டும். 450-க்குப் பதில் 454. பென்சிலை எடுத்துப் போட்டாள். 6.20 வந்தது. முன்பு 0.03 குறைவு, இப்போது 0.03 கூடுதல்.

இருவரும் சிரித்துவிட்டோம். "உன் விரல் ஸ்டாப் வாட்சை அழுத்த எவ்வளவு முன்னே பின்னே ஆகும்?" என்று கேட்டேன். 0.2 விநாடி இருக்கும் என்றாள். 34-இல் 0.2 என்றால் விசையில் 0.07 நியூட்டன்வரை ஏறி இறங்கலாம். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனாள்.